குடம் சரிதான், குழாய் எங்கன இருக்கு? பிளக்-இன் ஹைபிரிட் கேட்ட தங்கச்சிக்கு

கேள்வி: அண்ணாச்சி வணக்கம். எங்களுக்கு புளியரை. நான் புனலூர்ல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கேன். ஒரு நடைக்கு 42 கிலோமீட்டர், போக வர 84, வாரத்துல ஆறு நாள். இத்தன வருசம் பஸ்ஸும் ரயிலுமா ஓட்டிட்டேன், இனி இடுப்பு தாங்காது. மாசம் ஒருக்கா அப்பாவ திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்கு கூட்டிட்டு போகணும். பட்ஜெட் 22 லட்சம், அதுக்கு மேல கிடையாது. துபாய்ல இருக்க அக்கா வீட்டு அத்தான், பிளக்-இன் ஹைபிரிட் வாங்கு, கரண்ட்லயும் ஓடும் பெட்ரோல்லயும் ஓடும், நான் மூணு வருசமா வெச்சிருக்கேன், வண்டின்னா அதாம் வண்டிங்காக. எங்க வீட்டுக்காரர், ரெண்டு மெஷின் இருந்தா ரெண்டு செலவுங்காக. அத்தான் தன் வண்டியவே இங்க கொண்டாந்து தாரேன்னும் சொல்லுதாக. எது சரி? பின்குறிப்பு: எங்க தெருவுக்குள்ள கார் நுழையாது, ரெண்டு தெரு தள்ளி பெரியப்பா தோப்புலதான் நிப்பாட்டணும். அங்க மோட்டார் ரூம்ல கரண்ட் இருக்கு, அதுல சார்ஜ் போட்டுக்கலாம்லா?

பதில்: தங்கச்சி, நீங்க பக்கம் பக்கமா எழுதிட்டு கடைசில பின்குறிப்புன்னு ஒண்ணு போட்டீங்க பாத்தீங்களா, அதுலதான் உங்க கேள்விக்கு பதிலே கெடக்கு. காரப் பத்தி அப்பறம் பேசுவோம், அந்த தோப்புல ஒரு ஒழுங்கான பிளக் பாயின்ட் வருமா வராதான்னுதான் மொதல்ல பாக்கணும். ஆனா அத்தானுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கீங்க, அதனால முறையா சொல்லிருதேன், அவுக ரெண்டு பேருமே பாதி பாதி சரிதான்.

நான் ஷார்ஜால ஒரு ஒர்க்‌ஷாப்ல 14 வருசம் ஹைபிரிட் வண்டிதான் பாத்தேன், இப்ப செங்கோட்டைல சொந்தமா வெச்சிருக்கேன். அங்க பிளக்-இன் வண்டிய பிரிச்சு மேஞ்சிருக்கேன், இங்க வந்து இத்தன வருசத்துல ஒரே ஒரு பிளக்-இன்தான் என் வாசலுக்கு வந்துச்சு, அதுவும் குற்றாலம் சீசனுக்கு வந்த யாரோ ஒரு எஸ்டேட்காரரோடது, பஞ்சர் பாக்க வந்துச்சு. ஏன்னு கீழ சொல்லுதேன்.

நம்ம ஊர்ல பழைய கிணத்தடி ஞாபகம் இருக்கா? ஒரு கரண்ட் மோட்டார் இருக்கும், பக்கத்துலயே ஒரு ஆயில் எஞ்சினும் கெடக்கும், கரண்ட் போச்சுன்னா எஞ்சினக் கைல சுத்தி ஸ்டார்ட் பண்ணுவாக. அதே கதைதான் இது. ஹைபிரிட்ல மோட்டாரும் இருக்கு எஞ்சினும் இருக்கு, எது எப்ப ஓடணும்னு கம்ப்யூட்டர் பாத்துக்கிடும். வித்தியாசம் எங்கன்னா பேட்டரில. சாதா ஸ்ட்ராங் ஹைபிரிட்ல இருக்கது ஒரு சொம்பு, பிளக்-இன்ல இருக்கது ஒரு குடம், முழு எலக்ட்ரிக் காருல இருக்கது தொட்டி. சொம்புக்கு குழாய் வேண்டாம், பிரேக் போடும்போதும் எஞ்சின் ஓடும்போதும் அதுவே நெறஞ்சுக்கும். குடத்துக்கு தெனம் குழாயடிக்கு போகணும். இத மறந்தவுக எல்லாரும் பிளக்-இன் வாங்கி ஏமாந்தவுகதான்.

கணக்கா சொல்லணும்னா, மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட்ல பேட்டரி 0.76 யூனிட். யூனிட்னா நம்ம ஈபி பில்லுல வர அதே யூனிட்டுதான். ஒரு யூனிட் கூட முழுசா இல்ல, பாத்துக்கோங்க. இப்ப வர டொயோட்டா பிரியஸ் பிளக்-இன்ல 13.6 யூனிட், எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாம 70 கிலோமீட்டர்கிட்ட போகும். நம்ம ஊர்ல 22 லட்சத்துக்கு வர எலக்ட்ரிக் கார்கள்ல 45 யூனிட், 50 யூனிட், அதுக்கு மேலயும் இருக்கு.

நல்லதச் சொல்லிருதேன் மொதல்ல, அத்தான் சும்மா புகழல. தெனம் ஓட்டுற தூரம் குடத்துக்குள்ள அடங்கிட்டா பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டாம். ஷார்ஜால ஒரு மலையாளி நர்ஸ் சேச்சி வண்டி எங்ககிட்ட சர்வீஸுக்கு வரும், வீட்டுலருந்து ஆஸ்பத்திரி 20 கிலோமீட்டரோ என்னவோ, வில்லா வாசல்ல பிளக் பாயின்ட், ராத்திரி வந்து சொருகிட்டு காலைல உருவிட்டு போவாக, மாசக்கணக்குல பெட்ரோலே போடாம ஓட்டுவாக. எலக்ட்ரிக் கார் மாதிரியே சத்தம் கெடையாது, கியர் மாத்துற குலுக்கல் கெடையாது. அதே வண்டிய எடுத்துக்கிட்டு ஓமன்ல இருக்க சலாலா போகணும்னாலும் சார்ஜ் எங்க இருக்குன்னு போன நோண்ட வேண்டாம், பெட்ரோல ஊத்திட்டு போய்க்கிட்டே இருக்கலாம். இந்த ஒரு நிம்மதிக்காகத்தான் இந்த சாதியே பொறந்துச்சு. 2008 டிசம்பர்ல சீனால பிஒய்டி எஃப்3டிஎம்னு ஒண்ண விட்டான், 2010 கடைசில அமெரிக்கால செவ்ரோலே வோல்ட் வந்துச்சு, அந்த காலத்துல எலக்ட்ரிக் கார்னா பேட்டரி வெல யானை வெல, ரோட்டுல சார்ஜர் கெடையாது, அதனால ஆளுங்க தெனம் ஓட்டுற தூரத்துக்கு மட்டும் பேட்டரி வெச்சு, மிச்சத்துக்கு எஞ்சின வெச்சா போதும்னு யோசிச்சாங்க. நல்ல யோசனதான், தப்பு சொல்ல மாட்டேன்.

இன்னொரு நல்லதும் இருக்கு, அது நம்ம மாதிரி மலையடிவாரத்து ஆளுகளுக்குத்தான் புரியும். 1600 கிலோ வண்டி நூறு மீட்டர் ஒசரத்துலருந்து எறங்கினா அதுல இருக்க சக்தி 0.43 யூனிட். அம்புட்டும் திரும்ப பேட்டரிக்கு வராது, பாதிக்கு மேல வரும்னு வெச்சுக்கோங்க. சொம்பு பேட்டரில முழுசா நெறைக்கவும் விட மாட்டான், முழுசா காலி பண்ணவும் விட மாட்டான், நடுவுல கொஞ்சத்தத்தான் பொழங்க விடுவான், அதனால குமுளிலருந்து கம்பம் எறங்குற மாதிரி, மூணாறுலருந்து போடி எறங்குற மாதிரி பெரிய எறக்கம்னா ரெண்டு மூணு கொண்டை ஊசி தாண்டுறதுக்குள்ள சொம்பு நெறஞ்சிரும், மிச்சம் பூரா பிரேக் சூடாவும் எஞ்சின் உறுமலாவும் வீணாப் போகும். குடத்துல எடம் இருக்கும், புடிச்சுக்கும். ஆனா ஒண்ணு, ராத்திரி பூரா சார்ஜ் போட்டு ஃபுல்லா வெச்சு நேரா எறக்கத்துல விட்டீங்கன்னா குடமும் ஃபுல்லு, எங்க புடிக்கும்? நம்ம ஆரியங்காவு ரோடு அப்படி பெரிய மலை இல்ல, புளியரை தாண்டி எஸ் வளைவுல ஏறினா கோட்டைவாசல், அங்கருந்து பதிமூணு கண்ணு பாலம், தென்மலைன்னு மெல்ல மெல்ல எறக்கந்தான், அதனால உங்களுக்கு இதுல பெரிய லாபமும் இல்ல நட்டமும் இல்ல.

இப்ப கெட்டது. சொருகுனாத்தான் லாபம்னு சொன்னேன்லா, சொருகாதவுகதான் ஜாஸ்தி. ஷார்ஜால அடுக்குமாடில இருந்தவுக வண்டில டிக்கியத் தெறந்தா சார்ஜிங் கேபிள் கவரக் கூட பிரிக்காம இருக்கும், அது மேல அரிசி மூட்டை. கம்பெனி பெட்ரோல் கார்டு குடுத்திருக்கும்போது எவன் சொந்தக் காசுல கரண்ட் போடுவான்? இது ஏதோ என் ஒர்க்‌ஷாப் கத மட்டும் இல்ல. ஐரோப்பால 2021ல பதிவான கார்கள்ல இருக்க பெட்ரோல் மீட்டர் கணக்க அப்படியே எடுத்து ஐரோப்பிய கமிஷன் 2024 மார்ச்ல ஒரு அறிக்க விட்டாக, லேப்ல டெஸ்ட் பண்ணி எழுதிக் குடுத்த புகை அளவ விட ரோட்டுல பிளக்-இன் வண்டிங்க சராசரியா மூணரை மடங்கு விட்டிருக்கு. மூணரை மடங்கு! சாதா பெட்ரோல் வண்டிலயும் லேப் கணக்குக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் வரும், ஆனா இம்புட்டு வராது. பேப்பர்ல லிட்டருக்கு 60, 70 கிலோமீட்டர்னு போட்டிருந்தா நம்பி மயங்கிராதீங்க, அது பாதி நேரத்துக்கு மேல கரண்ட்ல ஓடும்னு நெனச்சு போட்ட கணக்கு.

சொருகாம ஓட்டினா என்ன ஆகும்? காலி குடத்த இடுப்புல வெச்சுக்கிட்டு ஊர் பூரா சுத்துற கததான். பேட்டரி, சார்ஜர், ஒயர் எல்லாம் சேத்து ஒரு 150, 200 கிலோ சும்மா சுமக்கணும், எஞ்சின்தான் இழுக்கணும். எஸ் வளைவுல முன்னால தேங்கா லாரி ஊர்ந்துக்கிட்டு போகும்போது அந்த சின்ன எஞ்சின் கத்துற கத்துல உள்ள இருக்கவுக காதப் பொத்திக்கிடணும். உங்க அத்தான் போன் பண்ணினா ஒண்ணு மட்டும் கேளுங்க, கேபிள் எங்க அத்தான்னு. பதில் சொல்ல எத்தன செகண்டு எடுக்காகன்னு பாருங்க.

வீட்டுக்காரர் சொன்னாகளே ரெண்டு மெஷின் ரெண்டு செலவுன்னு, அது முழுசா தப்பும் இல்ல, முழுசா சரியும் இல்ல. எஞ்சின் ஓடினாலும் ஓடாட்டாலும் வருசத்துக்கு ஒருக்கா ஆயில் மாத்தணும், ஃபில்டர் மாத்தணும், அந்த செலவ எலக்ட்ரிக் கார்காரன் மிச்சம் புடிப்பான், நீங்க புடிக்க முடியாது. பேட்டரிக்கு தனி கூலிங், எஞ்சினுக்கு தனி கூலன்ட். ஆனா பிரேக் பேடு ரொம்ப நாளு வரும், ஏன்னா மோட்டாரே பாதி பிரேக் வேலையப் பாத்துரும். அதுலயும் ஒரு கூத்து, பிரேக்க பொழங்காமலே வெச்சிருந்தா நம்ம சாரல் சீசன்ல டிஸ்க்கு துரு புடிச்சு கர் கர்னு கேக்கும்.

பொழங்காத எஞ்சின் இருக்கே, அதான் என்னய மாதிரி மெக்கானிக்குக்கு சோறு. கரண்ட்லயே ஓட்டிக்கிட்டிருக்க, திடீர்னு ஏத்தத்துல மிதிக்க, குளுந்து கெடக்க எஞ்சின் அந்த செகண்டே முழிச்சு முழு பாரத்த இழுக்கணும், தூங்குறவன எழுப்பி மூட்டைய தலைல வெச்ச மாதிரி. ஆயில் சூடாகுறதுக்குள்ள ரெண்டு நிமிசத்துல மறுபடி ஆஃப் ஆயிரும். இப்படி தெனம் நடந்தா பெட்ரோலும் ஈரமும் ஆயில்ல கலக்கும். டாங்குல மாசக்கணக்கா கெடக்க பெட்ரோலும் கெடும். நல்ல கம்பெனிகாரன் இதுக்கு வழி பண்ணித்தான் வெச்சிருக்கான், செவ்ரோலே வோல்ட்ல கொஞ்ச வாரம் எஞ்சின் ஓடாம இருந்தா கேட்டுட்டு அதுவே ஸ்டார்ட் ஆகி ஓடி ஓஞ்சிரும், ஒரு வருசம் பழைய பெட்ரோல்னா தீத்துட்டு புதுசு போடுன்னு சொல்லும். இப்ப நம்ம பங்க்ல வர பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது காத்துல இருக்க ஈரத்த உறிஞ்சும், ஆனி ஆடில நம்ம ஊரு காத்து எப்படி இருக்கும்னு நான் சொல்லவா வேணும், துணியே காய மாட்டேங்குது. அதனால இந்த மாதிரி வண்டி வெச்சிருக்கவுக டாங்க ஃபுல் பண்ணி வெச்சு மறந்துரக் கூடாது, கால் டாங்க் அரை டாங்க் போட்டு சுத்திக்கிட்டே இருக்கணும்.

பேட்டரி ஆயுசு விசயத்த யாரும் சொல்ல மாட்டாக. தொட்டி பேட்டரிய நீங்க நாலு நாளைக்கு ஒருக்கா நெறைப்பீங்க, குடத்த தெனம் நெறைச்சு தெனம் காலி பண்ணுவீங்க. பத்து வருசத்துல குடம் மூவாயிரம் தடவ நெறஞ்சு கொறையும், தொட்டிக்கு அதுல கால்வாசிதான். அதனாலதான் குடத்துல மேலயும் கீழயும் கொஞ்சம் விட்டுத்தான் பொழங்க விடுவான் கம்பெனிகாரன். எப்பவாவது கம்பெனிகாரனே சறுக்குவான், 2020ல ஐரோப்பால ஃபோர்டு குகா பிளக்-இன்ல பேட்டரி சூடாகி தீப்புடிக்குற பயம் வந்து, சரி பண்ற வரைக்கும் சார்ஜே போடாதீகன்னு வாங்கினவுகளுக்கு சொல்லிட்டாக, பிளக்-இன் வண்டிய பிளக் போடாதன்னா அது என்ன வண்டி.

டிக்கி கதையையும் சொல்லிருதேன், அப்பாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறீக, வீல்சேர் ஒரு நாள் வெக்க வேண்டி வரலாம். பேட்டரி எங்கயாவது உக்காரணும்லா, பெரும்பாலும் டிக்கி அடில, இல்ல பின் சீட்டு அடில. சொம்பு பேட்டரிக்கே கிராண்ட் விட்டாரால மைல்டு ஹைபிரிட்ல, அதாவது பேருக்கு மட்டும் ஹைபிரிட்டா இருக்கதுல, 373 லிட்டர் இருக்க டிக்கி ஸ்ட்ராங் ஹைபிரிட்ல 265 ஆயிருது. குடத்துக்கு கேக்கணுமா. நெறைய பிளக்-இன்ல ஸ்டெப்னி டயரே கெடையாது, பஞ்சர் கிட்டு ஒண்ணு குடுப்பான். அன்னைக்கு வந்த எஸ்டேட்காரர் என்கிட்ட வந்து நின்னது அதனாலதான்.

சரி, இம்புட்டும் பேசிட்டு ஒரு குண்டத் தூக்கி போடுதேன். உங்க 22 லட்சத்துக்கு இந்தியால பிளக்-இன் ஹைபிரிட்டே கெடையாது. நான் இத எழுதுற வரைக்கும் இங்க வித்ததெல்லாம் கோடீஸ்வரன் வண்டி. 2016ல வால்வோ எக்ஸ்சி90 டி8 வந்துச்சு, ஒண்ணேகால் கோடி. 2022 டிசம்பர்ல பிஎம்டபிள்யூ எக்ஸ்எம், 2 கோடியே 60 லட்சம். ரேஞ்ச் ரோவர்ல இருக்கு, போர்ஷல இருக்கு, லம்போர்கினில கூட இருக்கு, நமக்கென்ன. ஷோரூம்ல ஹைபிரிட்னு நம்ம வெலைக்கு காட்டுறதெல்லாம், ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி இஎச்இவி எல்லாமே சொம்புதான், பிளக் ஓட்டையே கெடையாது. சேல்ஸ்ல நிக்குற பையனே சில சமயம் கொழப்புவான், சார்ஜே போட வேண்டாம் மேடம் தானே சார்ஜ் ஆகும்பான், பெட்ரோல எரிச்சுத்தான் அது சார்ஜ் ஆகுதுன்னு சொல்ல மாட்டான். மைல்டு ஹைபிரிட்னு ஒண்ணு சொல்லுவான், அது ஸ்டார்ட்டர் மோட்டார கொஞ்சம் பெருசு பண்ணினது, அத கணக்குலயே சேக்காதீங்க.

ஏன் கெடையாதுன்னா வரிதான் முக்கால்வாசி காரணம். எலக்ட்ரிக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஹைபிரிட்டுக்கு, பிளக் இருந்தாலும் இல்லாட்டாலும், முன்ன பெரிய வண்டின்னா செஸ்ஸோட 43 இருந்துச்சு, 2025 செப்டம்பர் 22லருந்து 40. நாலு மீட்டருக்குள்ள 1200 சிசிக்குள்ள இருந்தா மட்டும் 18. ரெண்டு மெஷினையும் ஒரு வண்டிக்குள்ள திணிச்சு, அதுக்கு மேல 40 சதவீதம் வரியும் போட்டா நம்ம வெலைக்கு எவன் செஞ்சு விப்பான்?

அத்தான் வண்டிய கொண்டாரது நடக்காத காரியம், மனசுல வெக்காதீங்க. துபாய் வண்டி இடது பக்க ஸ்டியரிங். பழைய கார இங்க எறக்குமதி பண்ணணும்னா வலது பக்க ஸ்டியரிங் இருக்கணும், தயாரிச்சு மூணு வருசத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது, அதையும் தாண்டினா கஸ்டம்ஸ் டூட்டி வண்டி வெலையயே முழுங்கிரும். பாசத்துல சொல்லுதாக, நன்றி சொல்லிட்டு விட்டுருங்க.

இப்ப உங்க கணக்க போட்டுப் பாப்போம், நீங்களே அக்கவுண்ட்ஸ்காரி, தப்பா இருந்தா திருத்துங்க. மாசம் 25 நாள், 84 கிலோமீட்டர், மொத்தம் 2100. பெட்ரோல் நம்ம பக்கம் 102 ரூவான்னு வெப்போம், புளியரை தாண்டி கேரளாவுக்குள்ள போனா லிட்டருக்கு அஞ்சாறு ரூவா கூட, அதனாலதான் கேஎல் நம்பர் வண்டியெல்லாம் இங்க வந்து வரிசைல நிக்குது, நீங்க இங்கயே போட்டுக்குவீங்க. கரண்ட் யூனிட் 9 ரூவான்னு வெப்போம். என்னத்துக்கு அம்புட்டுன்னா, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டினா நம்ம ஈபில ஸ்லாப் மாறி சலுகை பறந்துரும், கார் வந்தா கண்டிப்பா தாண்டும்.

சொம்பு ஹைபிரிட் இந்த ரோட்டுல உண்மையா லிட்டருக்கு 20 குடுக்கும்னா 105 லிட்டர், 10,700 ரூவா. கம்பெனிகாரன் 27.97ன்னு போட்டிருப்பான், அத ஏசி போடாதவுகளும் மலை ஏறாதவுகளும் பாத்துக்கிடட்டும். பிளக்-இன் ஒண்ணு உங்க கைல இருக்குன்னு கற்பனை பண்ணிக்கோங்க, 60 கிலோமீட்டர் கரண்ட்ல ஓடும், ராத்திரி மட்டும் சார்ஜ். தெனம் 60 கரண்ட்ல, மிச்சம் 24 பெட்ரோல்ல. சார்ஜ் போடும்போது வீணாகுறதும் சேத்து 275 யூனிட், 2,475 ரூவா. பெட்ரோல் ஒரு 33 லிட்டர், 3,400. ஆக 5,900கிட்ட. அதையே சொருகாம ஓட்டினா, சுமைய இழுத்துக்கிட்டு லிட்டருக்கு 16தான் வரும்னா 131 லிட்டர், 13,400 ரூவா, சொம்ப விட மோசம். முழு எலக்ட்ரிக் கார் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர்னா 300 யூனிட், வீணாகுறது சேத்து 330, மூவாயிரம் ரூவா, அம்புட்டுதான்.

பாத்தீங்களா, பிளக்-இன் நடுவுலதான் நிக்குது. அது ஜெயிக்கணும்னா ரெண்டு விசயம் வேணும், தெனம் ஓட்டுற தூரம் குடத்துக்குள்ள அடங்கணும், அப்பப்ப சார்ஜர் இல்லாத தூரத்துக்கு போகணும். உங்களுக்கு ரெண்டுமே பொருந்தல. தெனம் 84, குடத்துக்கு ஜாஸ்தி. தூரப் பயணம்னு நீங்க சொல்ற திருவனந்தபுரம் தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு வழியா நூறு கிலோமீட்டர்கிட்ட, போய்ட்டு வந்தா இருநூறு. நெசமா 300 ஓடுற எலக்ட்ரிக் கார் வழில எங்கயும் நிக்காமயே போய்ட்டு வந்துரும், போதாட்டா திருவனந்தபுரத்துல சார்ஜருக்கு பஞ்சமே கெடையாது, கேரளால அவுக ஈபியான கேஎஸ்இபி கரண்ட் போஸ்டுலயே ஆட்டோவுக்கு சார்ஜ் பாயின்ட் மாட்டி வெச்சிருக்கான். அதனால பிளக்-இன் நம்ம வெலைக்கு வந்தா வாங்கலாமான்னு காத்துக் கெடக்கவே வேண்டாம், வந்தாலும் உங்களுக்கு அது தோதுபடாது.

ஆனா எலக்ட்ரிக் வாங்குங்கன்னு இப்பவே சொல்லிர மாட்டேன், தோப்பு இருக்கே. அந்த மோட்டார் ரூம் கரண்ட் விவசாயத்துக்கு அரசாங்கம் இலவசமா குடுக்குறது. அதுல கார சார்ஜ் போட்டா முறைகேடு, புடிச்சா ஃபைனும் வரும், பெரியப்பாவோட கரண்ட் கனெக்‌ஷனுக்கே வம்பு வரும், தென்னைக்கு தண்ணி இல்லாம போயிரும். போட்டாலும் யாருக்கும் தெரியாதுன்னு சொல்லுறவுக இருப்பாக, மாசம் 330 யூனிட் எப்படி தெரியாம இருக்கும்? அது போக அந்த மோட்டார் ரூம் எர்த்து எந்த லட்சணத்துல இருக்கும்னு எனக்கு தெரியும், முக்கால்வாசி தோப்புல எர்த்து கம்பி துருப்புடிச்சு மண்ணுல சும்மா நிக்கும். எர்த்து சரியில்லன்னா நல்ல சார்ஜர் செவப்பு லைட்டக் காட்டிட்டு சார்ஜே ஏத்தாது, மட்டமான சார்ஜர் ஏத்தும், அதான் ஆபத்து.

செய்ய வேண்டியது இதுதான். காருக்கு டோக்கன் அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னால பெரியப்பாவ கூட்டிட்டு ஈபி ஆபீஸுக்கு போங்க, தோப்புல காருக்குன்னு தனி கரண்ட் கனெக்‌ஷன் கெடைக்குமா, எந்த டாரிஃப்ல போடுவாக, எம்புட்டு நாளாகும்னு எழுத்துல கேளுங்க. கெடைக்கும்னா ஒரு தகரக் கொட்டகை, புது எர்த்து குழி, ஒரு பிரேக்கர், 15 ஆம்பியர் பாயின்ட். இந்த பாயின்ட்ல மணிக்கு மூணு யூனிட் ஏறும், உங்க தெனப்படிக்கு 13 யூனிட், ராத்திரி எட்டுக்கு சொருகினா ஒரு மணிக்கெல்லாம் முடிஞ்சிரும். இது அமைஞ்சா எலக்ட்ரிக் வாங்குங்க. மூணு மாசமாகியும் அமையலன்னா சொம்பு ஹைபிரிட் வாங்குங்க, தப்பே இல்ல, அதுக்கு பேட்டரி வாரண்டி 8 வருசம், 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் தாராக, உங்க ஓட்டத்துக்கு கிலோமீட்டர்தான் மொதல்ல தீரும், ஆறு வருசம்கிட்ட வரும். புனலூர் ஆபீஸ்ல ஒரு பாயின்ட் தருவாகளான்னும் கேட்டுப் பாருங்க, தந்தாகன்னா தோப்பையே விட்டுத் தள்ளலாம், பகல்ல அங்கயே ஏத்திக்கிடலாம். கரண்ட் காச மாசா மாசம் குடுத்துருங்க, ஓசில வேண்டாம், ஒரு நாள் ஒருத்தன் வாயத் தெறப்பான்.

எதை வாங்கினாலும் தோப்புல நிக்கப் போகுதுன்னா எலிய மறக்காதீங்க. ஹைபிரிட்லயும் எலக்ட்ரிக்லயும் ஆரஞ்சு கலர்ல தடிமனா ஒயர் ஓடும், அதான் ஹை வோல்டேஜ். போன மழைக்கு ஒரு வண்டி வந்துச்சு, எலி கடிச்சது பக்கத்துல இருந்த சின்ன ஒயர், ஆரஞ்சுல பல்லு மட்டும் பதிஞ்சிருந்துச்சு, அதுக்கே அந்த செட்ட முழுசா மாத்தினோம். ஆரஞ்சு ஒயர தெருமுனை மெக்கானிக்க தொட விடாதீங்க, நான் கூட கையுறை போட்டு, ஹை வோல்டேஜ துண்டிக்குற சர்வீஸ் பிளக்க உருவிட்டு, பத்து நிமிசம் கழிச்சு மீட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் கைய வெப்பேன்.

அத்தானுக்கு நான் சொன்னதா ஒண்ணு சொல்லுங்க. அவுக வண்டில சேவ்னு ஒரு பட்டன் இருக்கும், பேட்டரிய அப்படியே நிறுத்தி வெச்சுக்கிட்டு ஹைவேல பெட்ரோல்ல ஓட்டி, டிராஃபிக் வந்ததும் கரண்ட்ல ஓட்டுறதுக்கு. அத அமுக்கலாம். பக்கத்துலயே சார்ஜ்னு இன்னொரு பட்டன் இருக்கும், பெட்ரோல எரிச்சு பேட்டரிய நெறைக்குறது, அத மட்டும் அமுக்க வேண்டாம். கேபிள் கவர இன்னும் பிரிக்கலன்னா அதையும் பிரிக்கச் சொல்லுங்க.

ஈபி ஆபீஸ்ல என்ன சொன்னாகன்னு எழுதுங்க தங்கச்சி, எர்த்து குழி தோண்டுறதுக்கு முன்னால எழுதுங்க, எங்கன தோண்டணும்னு வந்து பாத்துட்டு சொல்லுதேன், புளியரை எனக்கு பத்து நிமிசந்தான்.